நேற்றுப் போட்ட ரோடு

திங்கள்

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இன்று க்யூஜிஐஎஸ் வகுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்ததும் பாதித் திரைகள் வெள்ளையாகவே நின்றுவிட்டன. கல்லூரிக்கு வருவது ஒரே லைன். அலுவலகம், நூலகம், நாங்கள் எல்லாம் அதில்தான். ஒரு முழுத் திரையை நிரப்ப, 256 பிக்சல் சதுரப் படத் துண்டுகள், அதாவது டைல்கள், சுமார் நாற்பது வேண்டும். வரைபடத்தை இழுத்தால் இன்னொரு வரிசை. இத்தனைக்கும் முதல் கால் மணி நேரம் அத்தனை பேரும் கேட்டது ஒரே டைல்களைத்தான்: திருவாரூர், கமலாலயம், ஓடம்போக்கி ஆறு.

முன்பு இதே அறையில் ஸ்க்விட் என்ற கேஷ் ப்ராக்ஸி ஓடியது. தளங்கள் எச்டிடிபியில் இருந்தவரை நன்றாகவே உதவியது. எச்டிடிபிஎஸ் வந்தபின் அதற்குத் தெரிவதெல்லாம் பூட்டிய டன்னல்தான். உள்ளே போவது டைலா, சினிமாப் பாட்டா என்று அதனால் சொல்ல முடியாது. ஆகவே வேறு வழி: மாணவர்கள் நம் சர்வரிடம் கேட்கட்டும், இல்லாததை மட்டும் நம் சர்வர் வெளியே போய் வாங்கி வரட்டும். மூலையில் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் என்ஜின்எக்ஸ் போட்டால் போதும்.

செவ்வாய்

டைல் முகவரி எளிமையானது: ஜூம் அளவு, மேற்கிலிருந்து எத்தனையாவது கட்டம், வடக்கிலிருந்து எத்தனையாவது கட்டம். 10/738/481 என்று கேட்டால் திருவாரூர் அடங்கிய கட்டம் வரும். ஒவ்வொரு ஜூமுக்கும் ஒரு டைல் நான்காகப் பிரிகிறது. அந்த ஒரே கட்டம் 18ஆம் ஜூமில் 65,536 டைல். (டிஎம்எஸ் முறையில் எண்ணும் மென்பொருள்கள் தெற்கிலிருந்து எண்ணும். அதில் 481 என்று போட்டால் இந்தியப் பெருங்கடலின் நடுவே வெறும் நீலம்தான் கிடைக்கும்.)

என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் பத்து, பதினைந்து வரிதான். ஆனால் வரிக்கு வரி யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்ஆக்டிவ் என்ற அளவை எழுதாமல் விட்டால், பத்து நிமிடம் யாரும் தொடாத டைலை என்ஜின்எக்ஸ் அழித்துவிடும். அதற்கு இன்னும் ஆயுள் இருந்தாலும் சரி. காலை வகுப்பில் சேர்த்தது மதியத்துக்கு இருக்காது. முப்பது நாள் என்று வைத்தேன். சேமித்த டைல்களின் சாவிகளை வைக்கும் கீஸ் ஜோன் பத்து எம்பி. ஒரு எம்பிக்குச் சுமார் 8,000 சாவி பிடிக்கும், எங்களுக்குத் தாராளம். பழைய பயிற்சி ஏடுகளில் ஏ, பி, சி என்று மூன்று துணைப் பெயர்களில் டைல் கேட்கும் முகவரிகள் உண்டு. கேஷ் சாவியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் ஒரே டைல் மூன்று முறை வட்டில் உட்காரும். எண்களை மட்டுமே சாவியாக்கினேன்.

வெளியே போகும் கோரிக்கையில் யூசர் ஏஜென்ட்டாக எங்கள் லேபின் பெயரும் மின்னஞ்சலும் போகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் சர்வர் நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நடப்பது. யார் கேட்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், கொடுத்ததைச் சேமித்து வைக்க வேண்டும், மொத்தமாக இறக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய நிபந்தனை. மாணவர்கள் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அடித்தால் பிரவுசர் அனுப்பும் ‘நோ கேஷ்’ தலைப்பையும் இங்கேயே வெட்டிவிட்டேன்.

வியாழன்

வகுப்பு. எனக்குப் பிடித்த வரி கேஷ் லாக். கேஷில் இல்லாத ஒரு டைலை முப்பது பேர் சேர்ந்து கேட்டால், ஒருவர் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருகிற மாதிரி, ஒரே கோரிக்கைதான் வெளியே போகும்; மற்றவை காத்திருக்கும். ஆனால் காத்திருப்பு இயல்பாக ஐந்து வினாடிதான். அதற்குள் வராவிட்டால் அவையும் தனித்தனியே கிளம்பிவிடும், கொண்டு வருவதைச் சேமிக்கவும் செய்யாது. எங்கள் லைனுக்கு ஐந்து வினாடி போதாது, இருபதாக்கினேன்.

பதிலோடு கேஷ் நிலையையும் எழுதச் சொல்லியிருந்ததால் பதிவேட்டைப் படிப்பதே சுவாரசியம். 13ஆம் ஜூம் வரை வரிசையாக ஹிட், ஹிட், ஹிட். அதற்கப்புறம் மிஸ் சிதறுகிறது: ஒரு கொத்து மன்னார்குடிப் பக்கம், ஒன்று நன்னிலம், ஒன்று முத்துப்பேட்டை. பாடம் என்னவாக இருந்தாலும் எல்லோரும் முதலில் தேடுவது சொந்த வீட்டுக் கூரையைத்தான். அதை எந்த கேஷும் முன்கூட்டியே ஊகிக்க முடியாது.

வெள்ளி

“சார், நேத்து எங்க தெருவைப் போட்டேன். இன்னும் வரல.”

மன்னார்குடிப் பக்கத்துப் பெண். வாய்க்கால் கரையோரம் புதிதாகப் போட்ட சிமென்ட் ரோட்டைத் தானே வரைந்து சேர்த்திருக்கிறாள். வீட்டில் அம்மாவின் போனில் தெரிகிறதாம். லேபில் மட்டும் தெரியவில்லை.

“உன் மேல தப்பில்லம்மா. நம்ம சர்வர் பழசையே காட்டுது.”

கான்ஃபிக்கில் டைலின் ஆயுள் ஏழு நாள் என்று நான் எழுதியது, டைலோடு காலக்கெடு எதுவும் வராவிட்டால் மட்டும்தான். காலக்கெடு வந்தால் அதுவே செல்லும். என்ஜின்எக்ஸ் அதற்குத்தான் முன்னுரிமை தரும். அந்த டைல் வியாழனன்று உள்ளே வந்தது, கெடு இன்னும் முடியவில்லை. முடிந்தபின் மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளும். மாறவில்லை என்றால் படம் திரும்ப வராது, 304 என்ற சின்னப் பதில்தான். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ஊரை வரைந்த பிள்ளையிடம் இதைச் சொல்லிக் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை.

இலவச என்ஜின்எக்ஸில் ஒரு டைலை மட்டும் நீக்கக் கட்டளை இல்லை. கைவேலைதான். சாவியின் எம்டி5, 32 எழுத்து. கடைசி எழுத்து ஒரு ஃபோல்டர், அதற்கு முந்தைய இரண்டு எழுத்து அதனுள் இன்னொரு ஃபோல்டர், அங்கே முழுப் பெயரில் கோப்பு. அவளையே உட்கார வைத்து டைல் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். 17ஆம் ஜூமில் இரண்டு டைல், 18இல் நான்கு. கோப்புகளை நீக்கி, பிரவுசரின் சொந்தக் கேஷையும் காலி செய்தபின் ரோடு வந்தது. பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, “இது எங்க பெரியப்பா வயல் மேல போகுதே” என்றான். வாக்குவாதம் மதியச் சாப்பாடு வரை நீண்டது. கடைசியில் அவள் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். திரும்பவும் அதே கோப்புகளை நீக்க வேண்டியதாயிற்று.

மாலையில் இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். 16ஆம் ஜூமுக்கு மேல்தான் வேலை செய்யும், ஆசிரியர் கணினியிலிருந்து மட்டும்.

திங்கள்

காலையிலிருந்து லைன் இல்லை. எங்கோ சாலை தோண்டினார்களாம். வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து பதில் வராவிட்டால் கெடு முடிந்ததையும் கொடு என்று எழுதியிருந்ததால் பதிவேடு முழுக்க ‘ஸ்டேல்’. யாரும் இதுவரை போகாத ஊர்கள் மட்டும் வெள்ளைச் சதுரம்.

லேப் அசிஸ்டென்ட் தம்பிக்கு ஒரு யோசனை: “ராத்திரியே ஒரு ஸ்கிரிப்ட் ஓட விட்டு மாவட்டம் முழுக்க இறக்கி வெச்சிடலாமே சார்?” கூடாது என்றேன். அதைத்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். மாவட்டம் முழுவதும் வேண்டுமென்றால், ஜியோஃபேப்ரிக்கில் தென்னிந்தியத் தரவு தனிக் கோப்பாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஏற்றி, மேப்னிக் வைத்து நாமே டைல் வரையலாம். அதற்கு இந்த டெஸ்க்டாப்பின் நினைவகம் பத்தாது. முதல்வருக்கு எழுத வேண்டிய கடிதத்தில் ராம் எவ்வளவு கேட்பது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது லைன் வந்துவிட்டது.