அட்டையும் கணினியும்

டொயோட்டாவின் உற்பத்தி முறை குறித்துத் தைச்சி ஓனோ 1978இல் எழுதிய நூலில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல்தான் என்னை அங்கே இழுத்துச் சென்றது. 'கான்பான்' என்றால் ஜப்பானிய மொழியில் கடைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகை.

ஓனோ அதைச் சிறு அட்டையாக்கினார். உதிரிப்பாகப் பெட்டியுடன் அட்டையும் செல்லும். பெட்டியிலிருந்து பாகங்களை எடுக்கத் தொடங்கியதும் அட்டை மட்டும் முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அது வந்தால்தான் அங்கே அடுத்த பெட்டிக்கான வேலை தொடங்கும். வராவிட்டால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில், விற்ற அளவுக்கே அலமாரியை மீண்டும் நிரப்பும் வழக்கம் தந்த யோசனை இது. எது தேங்குகிறது, எது தீர்கிறது என்றறிய அறிக்கை வேண்டாம், கண் போதும்.

ஆனால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள். தொலைவிலுள்ள வழங்குநர்களுக்கெல்லாம் அட்டையை வண்டியில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. பிற்காலத்தில் கான்பானும் மின்வடிவம் பெற்றது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானிலுள்ள டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றுபோயின. இரு நாள் முன்பு நடந்த பராமரிப்பின்போது, பாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் கணினிகளில் சேமிப்பிடம் போதவில்லை. மாற்றுக்கென்று வைத்திருந்தவையும் அதே அமைப்பில் இயங்கியதால் கைகொடுக்கவில்லை. அட்டையைக் கண்டுபிடித்தவர்களின் வீட்டிலேயே இப்படி!

கணினியை ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவு, அகமதிப்பெண், கால அட்டவணை யாவும் ஒரு மென்பொருளுக்குள் போயின. மதிப்பெண் கூட்டும் வேலை ஒழிந்ததில் எனக்குப் பெரு மகிழ்ச்சி. கூடவே, துறைச் சுவரிலிருந்த கரும்பலகையைக் கழற்றச் சொன்னார்கள். விடுப்பிலிருப்பவரின் பாடவேளையைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதும் பலகை அது. தேநீருக்குப் போகிறவர் பார்ப்பார், வகுப்பை எடுத்துக்கொள்வார். மென்பொருளிலும் அதே விவரம் உண்டு, யாராவது திறந்து பார்த்தால். பலகை இல்லாத ஒரு பருவத்தில் இறுதியாண்டு மாணவர்கள் ஆசிரியரின்றி உட்கார்ந்திருந்த வேளைகளை அந்த மென்பொருளே பிழையின்றிப் பட்டியலிட்டுத் தந்தது, பருவம் முடிந்த பிறகு.

அப்பட்டியலைக் காட்டித்தான் பலகையை மீண்டும் மாட்டினோம். மதிப்பெண்ணும் வருகையும் கணினியில். அந்தந்த வாரம் மட்டும் சுவரில். இவ்வாரம் மூன்று பாடவேளைகள் சிவப்பில் இருக்கின்றன. புதன்கிழமை இரண்டாவது வேளையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புணர்ச்சி இலக்கணம்.