ஒரு ரூபாய் வட்டி

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஃபாரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். பெயர் மாற்றத்துக்கு 29, 30, வண்டிமேல் கடன் என்னும் ஹெச்.பி. பதிவை ஏற்றுவதற்கு 34, கடன் முடிந்து ஹெச்.பி. எடுப்பதற்கு 35. இந்த எண்களுக்குள்ளேயே என் பிழைப்பு நடக்கிறது. நாமக்கல் லாரிக்காரர்களின் ஊர். இங்கே ஃபைனான்ஸில் வண்டி எடுப்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. நாலைந்து லாரி ஓட்டுகிறவரும் டியூ கட்டிக்கொண்டுதான் இருப்பார், அதை டீக்கடையில் உரக்கவே சொல்வார். ஆனால் “சிபில் அடிபட்டுடுச்சு” என்று சொல்ல வேண்டி வந்தால் அதே மனிதரின் குரல் இறங்கிவிடுகிறது. அதன்பிறகு அவர் எதையும் விசாரிப்பதில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். சிபில் என்னும் கடன் ஸ்கோர் குறைந்ததால் வரும் நஷ்டத்தைவிட, இப்படி வாயை மூடிக்கொள்வதால் வரும் நஷ்டம் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் பள்ளிக்கூட வேன் வைத்திருந்தார். சொந்த வண்டி, கடனில் எடுத்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அந்த மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. செப்டம்பரில் டியூ கேட்க ஆள் வந்துவிட்டது. பிள்ளைகள் வந்தபாடில்லை. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. வேனில் ஏறுவது அந்தச் சின்னப் பிள்ளைகள்தான். சலுகை முடிந்ததற்கும் பிள்ளைகள் மறுபடி வேனில் ஏறியதற்கும் நடுவே 14 மாதம். அந்த 14 மாதத்தில் அவர் காய்கறி விற்றார், கட்டட வேலைக்குப் போனார், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கினார். வீட்டில் அடுப்பு எரிந்தது. டியூ கட்ட முடியவில்லை. வண்டியைத் தூக்கிவிட்டார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை. மீதிக்கு ஒரு தொகை பேசி, கட்டி, கணக்கை முடித்தார். கடன் தீர்ந்தது என்றே நினைத்திருந்தார். சிபில் அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்று ஏறியிருந்தது. கடன் கொடுக்கிறவர் கண்ணுக்கு அந்தச் சொல்லின் பொருள், ‘இவர் முழுசாகக் கட்டவில்லை’ என்பதுதான்.

சிபில் நிறுவனம் 2000இல் தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் 2005இல் வந்தது. இன்று நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஊர்வழக்கில் நான்குக்கும் சிபில் என்றே பெயர். ஸ்கோர் 300இல் தொடங்கி 900 வரை போகும். ஒரு மனிதர் எத்தனை நாள் தாமதமாகக் கட்டினார் என்பது அதில் இருக்கும். ஏன் தாமதமானது என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது. பெருந்தொற்றில் வண்டி நின்றுபோனவரும், பணத்தை வைத்துக்கொண்டே கட்டாமல் ஏமாற்றியவரும் ஒரே எண்ணில் வந்து நிற்க முடியும். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

அந்த ஓட்டுநர் இப்போது வேறொருவரின் குட்டியானையைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார், முட்டை லோடு. முதலாளி வண்டியைக் கொடுத்துவிடப் போகிறார், விலை 3,60,000 ரூபாய். ஓட்டுநர் கையில் 60,000 இருந்தது. மூன்று லட்சம் வேண்டும். வங்கியில் ஸ்கோரைப் பார்த்ததும் இல்லை என்றுவிட்டார்கள். உள்ளூர் ஃபைனான்ஸ் ஒன்றில் அன்றைக்கே தருவதாகச் சொன்னார்கள். ஃபாரம் 34 எழுத என்னிடம் வந்தார்.

“வட்டி எவ்வளவு போட்டிருக்காங்க?”

“ஒரு ரூவா வட்டிதானுங்கண்ணா. மூணு வருசம்.”

“மொத்தம் எவ்வளவு கட்டோணும்னு கேட்டீங்களா?”

“கேட்டுப்போட்டு, அவங்க தரமாட்டேன்னுட்டா என்ன பண்றதுங்க?”

இந்தப் பதிலை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு பதறும்.

ஒரு ரூபாய் வட்டி என்பது நம் காதுக்கு இதமானது. கந்துவட்டியில் மூன்றும் ஐந்தும் பத்தும் பார்த்த ஊருக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் தர்மம் மாதிரித் தோன்றும். ஒரு பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று லட்சத்துக்கு மாதம் 3,000 வட்டி. 36 மாதத்துக்கு 1,08,000. அசலோடு சேர்த்து 4,08,000. மாத டியூ 11,333. இதுவரை அவருக்கும் புரிந்தது. அடுத்ததுதான் முக்கியம். மாதா மாதம் அசலில் 8,333 ரூபாய் அடைந்துகொண்டே வருகிறது. பாதி வழியில் அசல் பாக்கி ஒன்றரை லட்சம்தான், வட்டி அப்போதும் 3,000. கடைசி மாதம் நிற்கும் அசல் 8,333 ரூபாய், அதற்கும் வட்டி 3,000. எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். இதற்கு ஃபிளாட் வட்டி என்று பெயர். 12 சதவீதம் ஃபிளாட் என்பது, குறைகிற அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் 21 சதவீதத்துக்கும் மேல்.

“அப்ப, பதினெட்டு பர்சன்ட்டுன்னு ஒரு கம்பெனியில சொன்னாங்க, அது சாஸ்தின்னு வேண்டாம்னுட்டனேங்கண்ணா” என்றார்.

அதையும் போட்டுப் பார்த்தோம். அதே மூன்று லட்சம், அதே 36 மாதம், 18 சதவீதம், குறையும் அசலுக்கு. மாத டியூ 10,846 வருகிறது. மொத்த வட்டி சுமார் 90,400. பன்னிரண்டைவிடப் பதினெட்டு மலிவு! அவர் ஃபாரத்தை வாங்கி மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல ஸ்கோர் உள்ளவருக்கு, குறையும் அசலுக்கு 12 சதவீதத்திலேயே கடன் கிடைத்தால் டியூ 9,964தான், வட்டி 58,700 சொச்சம். ஸ்கோர் குறைந்தவர் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருப்பதில் நியாயம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். கொடுப்பவருக்கும் பயம் இருக்கும். ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதை மறைத்துச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

கணக்கு இதோடும் நிற்கவில்லை. டாக்குமெண்ட் சார்ஜ், இன்சூரன்ஸ், முதல் டியூ முன்கூட்டியே என்று பிடித்தது போகக் கையில் மூன்று லட்சம் வராது. வட்டி மட்டும் முழு மூன்று லட்சத்துக்கு ஓடும். எனவே அந்த 21க்கும் மேலே போய்விடும்.

வாகனக் கடனை இந்த ஊர்ப்பக்கம் வளர்த்தவர்கள் எல்லாம் எண்ணைப் பார்த்துக் கொடுத்தவர்கள் இல்லை. ஆர். தியாகராஜன் 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸைத் தொடங்கியபோது, பழைய லாரி வாங்க வந்த ஓட்டுநருக்கு வங்கிக் கதவு திறக்காது. வங்கிகள் நம்பாத அந்த மனிதர்களை நம்பிக் கொடுத்தே அந்த நிறுவனம் பெரிதானது. அந்தக் காலத்தில் கடன் கேட்டால் ஆள் வந்து விசாரிப்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த லாரி செட்டில் லோடு ஏற்றுகிறார், யாரிடம் ஓட்டினார், குடிக்கிறாரா, வீட்டம்மா கெட்டிக்காரியா என்று கேட்டறிந்து கொடுப்பார்களாம். அதிலும் சாதி பார்த்தது, முகம் பார்த்தது எல்லாம் உண்டு. அந்த வகையில் எண் வந்தது நல்லதுதான். இருந்தாலும் ஒரு ஓட்டுநரின் நேர்மைக்கு லோடு ரசீதும் டீசல் பில்லும் சாட்சி சொல்லும். அவற்றையும் எடுத்துப் பார்க்கிற பொறுமை கடன் கொடுப்பவருக்கு வேண்டும்.

உள்ளூர் ஃபைனான்ஸில் யாரும் பேசாத இன்னொரு விஷயம் இருக்கிறது. பதிவில்லாத சின்ன ஃபைனான்ஸ்காரர்கள் கடன் விவரத்தை சிபிலுக்கு அனுப்புவதில்லை. மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் டியூ கட்டினாலும் ஸ்கோரில் அது ஏறாது. கடன் முடிந்த அன்றும் அவர் அதே பழைய எண்ணோடு நிற்பார். அடுத்த வண்டிக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனத்தில், வட்டி சற்று கூடினாலும், கட்டுகிற ஒவ்வொரு டியூவும் அறிக்கையில் பதிவாகிறது. ஸ்கோர் குறைந்தவருக்குக் கடனைவிடப் பெரிய தேவை இந்தப் பதிவுதான்.

அதனால் முதலில் அறிக்கையை எடுக்கச் சொன்னேன். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள்; போனிலேயே எடுத்துக் கொடுத்தாள். வேன் கடன் ‘செட்டில்டு’ என்று இருந்தது. அதன் கீழே, எப்போதோ கட்டி முடித்த செல்போன் தவணையில் 1,800 ரூபாய் இன்னும் நிலுவை என்று இருந்தது. கடை கொடுத்த ரசீது வீட்டில் பத்திரமாக இருந்ததால் புகார் போட்டார்கள். புகார் போட்டு 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. முப்பது நாளுக்குள் அந்த நிலுவை நீங்கியது. ‘செட்டில்டு’ நீங்கவில்லை. விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டினால் அதை ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தர நிறுவனத்தைக் கேட்கலாம். அதற்கு இப்போது அவரிடம் பணம் இல்லை.

வண்டி முதலாளி நல்லவர், காத்திருந்தார். ஓட்டுநரின் மனைவி மகளிர் குழுக் கடனை ஒழுங்காகக் கட்டி வருபவர், அவர் ஸ்கோர் நன்றாக இருந்தது. அவரை உடன் விண்ணப்பதாரராகச் சேர்த்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் வளையல்களை அடகு வைத்து இன்னொரு 60,000 புரட்டினார்கள். கடன் 2,40,000ஆகக் குறைந்தது. பதிவான நிறுவனம் ஒன்று 18 சதவீதத்துக்கு, 30 மாதத்துக்குக் கொடுத்தது. டியூ பத்தாயிரத்துக்கு ஏழு ரூபாய் குறைவு. நகைக்கு வட்டி தனி. சிரமம்தான், ஆனால் என்ன கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுகிற சிரமம்.

என் தொழிலில் நான் பார்க்கும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கடன் கொடுக்கும் அன்றைக்கே பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களிலும் வெறுமையாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. டியூ தவறி வண்டியைத் தூக்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி ஃபைனான்ஸ்காரர் ஃபாரம் 36 கொடுத்துத் தன் பெயருக்கு ஆர்.சி. கேட்கலாம். அப்போது ஆர்.டி.ஓ., உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி அவர் தரப்பைக் கேட்க வேண்டும். வெற்றுக் கையெழுத்து கையில் இருந்தால் அந்த நோட்டீஸுக்கே வேலையில்லை. நீங்களாகவே விற்றதாக ஆகிவிடும். சட்டம் கொடுத்த வாய்ப்பை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் வண்டி போன பிறகு என்னிடம் வந்து நிற்கிறார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஸ்கோர் எவ்வளவு குறைந்திருந்தாலும் சில உரிமைகள் குறைவதில்லை. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருக்கிறது. அபராதத்தின்மீது வட்டி போடக் கூடாது. பதிவான நிறுவனத்தின் மீது புகார் இருந்தால், முதலில் அங்கேயே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

எல்லாவற்றுக்கும் முன்னால், கே.எஃப்.எஸ். (கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்) என்ற தாளைக் கேளுங்கள். வங்கியும் பதிவான நிதி நிறுவனமும் 2024 அக்டோபர் 1 முதல் இதைக் கொடுத்தாக வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியில். எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. அந்தத் தாளில் சொன்னது குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். ஆகவே உடனே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போங்கள், படித்த பிள்ளை ஒன்றிடம் காட்டுங்கள். தாள் கொடுக்க மறுக்கிற இடத்தில் கடன் வாங்காதீர்கள். 29, 30 ஃபாரங்களில் வெற்றுக் கையெழுத்து யார் கேட்டாலும் போடாதீர்கள்.