நாய் படுத்த வீட்டில் கம்பு தோசை

நாய் படுத்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் இதைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. சிப்பிப்பாறை என்ற ஊர்ப்பெயரையே ஒரு நாயினத்துக்குக் கொடுத்த சீமை இது. ராஜபாளையமும் எட்டும் தூரம்தான். அந்த ஊர் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஒரு காலத்தில் காட்டுக் காவலுக்கும் முயல் வேட்டைக்கும் போன நாய்களின் பேரன் பேத்திகள் இன்றைக்குத் திண்ணையில் கால் நீட்டிக் கிடக்கின்றன. அதில் ஒரு குட்டி வாந்தியெடுத்து, ரத்தமாகக் கழிந்து, மூலையில் சுருண்டுகொண்டால் தெருவே வந்து விசாரிக்கும்.

"என்ன மதினி, இன்னைக்காவது தண்ணி குடிச்சுச்சா?"

"நாக்கை நனைச்சுச்சு. அம்புட்டுத்தான்."

"நீங்க சாப்பிட்டீகளா?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் வராது. நாய்க்கு மருந்து உண்டு, டிரிப்ஸ் உண்டு. காவல் இருக்கிற மனுசிக்கு என்ன உண்டு? அந்த நேரத்துக்கு ஏற்ற பண்டம் கம்பு தோசை என்பது இந்தப் பக்கத்தில் தோசைக்கல்லோடு காலம் தள்ளியவர்களின் கட்சி. மெல்லிசாக முறுகியது இல்லை. கருப்பட்டி கரைத்து ஊற்றிய, உள்ளங்கை அகலத்துக் கெட்டித் தோசை. பெங்களூரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளை இதை வீகன் பான்கேக் என்கிறது. குளூட்டன் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. பாலில்லை, முட்டையில்லை, வெண்ணெயில்லை, கோதுமையில்லை. அதற்காக யாரும் மெனக்கெடவில்லை. மானாவாரிக் காட்டில் விளைந்ததைக் கொண்டு சுட்டால் தானாகவே அப்படித்தான் வரும்.

இதைப் பாட்டி காலத்துப் பண்டம் என்று மேடையில் பேசுகிறவர்களை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும். பாட்டி காலத்தில் கம்பு என்றால் கஞ்சி, கூழ், கம்மஞ்சோறு. தோசை என்றால் தீபாவளி. உரலில் கம்பைக் குத்தி, புடைத்து, மறுபடி குத்திச் சோறாக்குவதற்கே விடிந்துவிடும். அதை ஆட்டுரலில் மாவாக ஆட்டிப் புளிக்கவைக்க எந்த வீட்டில் ஆள் இருந்தது? கோயம்புத்தூர் கிரைண்டர் வந்த பிறகுதான் கம்பு கல்லுக்கு ஏறியது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் ஓட்டல் பலகையிலும் ஏறிக்கொண்டது. புதுப் பழக்கம்தான். அதனால் ருசி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கம்பில் முதலில் பார்க்க வேண்டியது அதன் வயது. அரிசியில் கொழுப்பு மிகக் குறைவு. கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு. முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பு பத்திரமாக இருக்கும். அரைத்ததும் மாவிலுள்ள நொதிகள் அதைச் சிதைக்க ஆரம்பிக்கும். சில நாளில் கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். கடையில் பொட்டலம் போட்ட கம்பு மாவு வாங்கி, தோசை கசக்கிறது என்று கம்பைத் திட்டுகிறவர்கள் நிறைய. கம்பு என்ன செய்யும்? கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்தக் கரிசலில் பருத்தி, சோளம், குதிரைவாலி என்று ரகம் ரகமாகத் தந்துகொண்டிருக்கிறது. ரகம் எதுவாக இருந்தாலும், முழுத் தானியமாக வாங்கி வீட்டில் ஊறவைத்து ஆட்டுவதற்கு ஈடு கிடையாது. கம்பு கிடைக்காவிட்டால் குதிரைவாலி. அதில் தோசை வெளுப்பாக, மென்மையாக வரும். மணம்தான் கொஞ்சம் மட்டு.

நாலு பங்கு கம்புக்கு ஒரு பங்கு உருட்டு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கம்பு எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும்; தோல் தடித்த தானியம், அவசரத்துக்கு இளகாது. உளுந்தைத் தனியாக, பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். இங்கேதான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. மேல்நாட்டுப் பான்கேக்கில் மாவைப் பிடித்து நிறுத்துவது கோதுமையின் குளூட்டனும் முட்டையும்; உப்பவைப்பது பேக்கிங் பவுடர். இங்கே அந்த மூன்றின் வேலையையும் உளுந்து தலையில் கட்டிவிடுகிறோம். உளுந்திலுள்ள கோந்து போன்ற பொருளும் புரதமும் மாவுக்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. அந்தக் காற்றை உண்டாக்குவது லூக்கனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவு பொங்குவதற்கு அதுதான் காரணம் என்பது 1965இல் ஆய்வாக வெளிவந்தது. வெந்தயத்தின் வழவழப்பு கம்பின் சொரசொரப்பை அடக்கி, தோசை விண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் கம்பு மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ராத்திரி ஆட்டி வைத்துவிட்டு நாய்ப் பக்கத்தில் விழித்திருந்தால், விடியுமுன்பே பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

கருப்பட்டியை நேராகத் தட்டிப் போடக் கூடாது. மண் இருக்கும். கொஞ்சம் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். அதுவும் அந்த வேளைக்குச் சுடப்போகிற மாவில் மட்டும். இனிப்பு சேர்ந்த மாவை வைத்திருந்தால் தாறுமாறாகப் புளித்துவிடும். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. ஒரு சிட்டிகை உப்பும் சுக்குத் தூளும் போதும்.

இனி கல். இரும்புக் கல்தான். இனிப்பு மாவு சீக்கிரம் கருகும் என்பதால் சாதாரணத் தோசைக்கு வைக்கும் சூட்டில் பாதி போதும். தண்ணீர் தெளித்தால் சொய்யென்று அடங்க வேண்டும். முத்து முத்தாக ஓடினால் சூடு அதிகம். நல்லெண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றியதோடு கையை எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. மாவு தானாகப் பரவி ஓர் இடத்தில் நிற்கும். முதலில் ஓரத்தில் ஒன்றிரண்டு கண் திறக்கும், அப்புறம் நடுவில். திறந்த கண் மூடாமல் அப்படியே நின்றால் உள்ளே வேக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மூடி போட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து எடுத்தால், ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்த மேல்புறம் மங்கியிருக்கும். ஓரம் கல்லை விட்டு எழும்பியிருக்கும். கருப்பட்டியும் கம்பும் சேர்ந்து சூடுபடும் வாசனை, வறுத்த கடலைக்கும் மழை பெய்த கரிசலுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஓரம் எழும்புமுன் தோசைத் திருப்பியை விட்டால் கிழியும். குளூட்டன் இல்லாத மாவு அவசரத்தை மன்னிக்காது.

இந்தக் காத்திருப்புதான் அந்த நேரத்துக்குத் தோதானது. ஒரு தோசைக்கு மூன்று நிமிடம். அதற்குள் வேறு எதையும் நினைக்க முடியாது. அதற்கு மேல் நிற்கவும் வேண்டியதில்லை. ஒன்றைச் சுட்டு எடுத்துவிட்டுப் போய்க் குட்டியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். பிரியாணி வைத்தால் இது நடக்குமா? சோறு வடித்தால் நாலு பேர் தட்டோடு உட்கார வேண்டும், ஒருவர் பரிமாற வேண்டும். கெட்டித் தோசைக்குத் தட்டுகூட வேண்டாம். சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்னலாம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால் இருந்தால் விசேஷம். இல்லாவிட்டால் வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக இடித்து மேலே தூவினால் போதும். கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் நிலக்கடலைக்கா பஞ்சம்?

உண்மையிலேயே குளூட்டன் ஆகாதவர் வீட்டில் இருந்தால் கதை வேறு. இப்படிக் குளூட்டன் ஆகாமல் வருகிற சிலியாக் நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவர். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது அந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்ததும் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தின. கம்பில் குளூட்டன் இல்லை என்பது சரி. ஆனால் மாவு மில்லில் முந்தின ஆள் கோதுமை திரித்துவிட்டுப் போயிருந்தால், அந்த மாவு நம் பையிலும் விழும். காரத் தோசையில் போடும் பெருங்காயத்திலோ பல சமயம் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கூட்டுப் பெருங்காயம் செய்வதே அப்படித்தான். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்தால் தெரியும். வீட்டுக் கிரைண்டரில் ஆட்டிய மாவு, பெருங்காயம் படாத இனிப்புத் தோசை இரண்டும் இந்தத் தொல்லைகளிலிருந்து தப்பித்துவிடுகின்றன.

இனி நாய். குட்டியைப் படுக்கப் போடுவது பெரும்பாலும் பார்வோ. 1978இல் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் அது. மருந்து நேரடியாக அதைக் கொல்வதில்லை. உடம்பில் நீர் வற்றாமல் டிரிப்ஸ் ஏற்றி, குட்டி தானாக எதிர்த்து நிற்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் ஆகாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனிதருக்கு இது ஒட்டாது. ஆனால் கையிலும் செருப்பிலும் ஏறி அடுத்த வீட்டுக் குட்டிக்குப் போகும். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயில் போட்டுக் கழுவினால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. ப்ளீச்சிங் பவுடர் கரைசல்தான் கேட்கும். நாயைத் துடைத்துவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மாவுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

நாய்க்கு என்ன கொடுப்பது? கொஞ்ச காலம் முன்புவரை வாந்தி நிற்கும்வரை பட்டினி போடச் சொன்னார்கள். 2003இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வோ கண்ட நாய்களுக்கு ஆரம்பத்திலிருந்தே குழாய்வழி கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தால் சீக்கிரம் தேறுகின்றன என்று எழுதினார்கள். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். கருப்பட்டித் தோசை அந்தப் பட்டியலில் கிடையாது. தேறிய பிறகு கம்பங்கஞ்சி வேறு விஷயம். சிப்பிப்பாறையும் கன்னி என்ற இனமும் கூழிலும் கஞ்சியிலும் வளர்ந்த நாய்கள்தான். நாய் வீட்டு விலங்கானபோது மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் அதற்குப் பெருகின என்று 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். கரிசல் சம்சாரிக்கு அதைக் கேட்டு ஆச்சரியம் வந்திருக்காது.

அடுப்படியில் வேறு சில கண்ணிகள் உண்டு. கல்லில் எண்ணெய் தடவ, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கிக் குச்சியில் குத்தி வைத்திருப்போம். நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பொருள் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. நோயில் அடிபட்ட குட்டிக்கு அது இரட்டை அடி. கத்தரிக்காய்க் காம்போ தேங்காய் நாரோ போதும். உலர் திராட்சை தூவுகிற ஆசையையும் விட்டுவிட வேண்டும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது வெகுநாளாகத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் வல்லுநர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் தாராளமாக இருக்கிறது. ஆக, மீந்த புளிக்குழம்பை நாய்த்தட்டில் ஊற்றுகிற வழக்கத்துக்கும் ஒரு முடிவு கட்ட வேண்டும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் கடலை வெண்ணெயில் சைலிட்டால் இருந்தால் அது நேரடியாகவே விஷம்.

மூன்றாம் நாள் மாவு புளித்துப்போகும். அதற்குள் குட்டி எழுந்து நின்றதோ இல்லையோ, வீட்டாருக்குக் காரம் தேடும். மிச்ச மாவில் கருப்பட்டியைச் சேர்க்க வேண்டாம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைப் பொடியாக அரிந்து வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரமாக ஊற்றிவிடலாம். கம்பு மாவில் பணியாரம் உள்ளே வேகக் கொஞ்சம் நேரமெடுக்கும். அடுப்பைக் குறைத்து, இரண்டு பக்கமும் திருப்பி, ஊசி குத்தி ஒட்டாமல் வருகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். வெங்காயத் தோலை உடனே கூட்டி அள்ளிவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சுட வேண்டும். பசி திரும்பிய நாய்க்கு மூக்கும் திரும்பியிருக்கும்.