ஆலப்புழை: திறப்பு விழா இல்லாத செலவுகள்

ஆலப்புழைக் கடற்கரையில் மாலை நேரத்தில் கூடுபவர்களின் கண்ணில் முதலில் படுவது, கடலுக்குள் துருவேறி நிற்கும் இரும்புத் தூண்கள். 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களில் சரக்கேற்றக் கட்டப்பட்ட கடல் பாலத்தில் எஞ்சியது அவ்வளவுதான்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த துறைமுக நகரம் இது. வேம்பநாட்டுக் காயலிலிருந்து மிளகும் கயிறும் படகில் வந்து சேர, அவர் காலத்தில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கடந்த நூற்றாண்டில் கொச்சித் துறைமுகம் பெரிதானதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. வணிகம் போனது, கால்வாய்களைப் பராமரிக்கும் சுமை மட்டும் தங்கிவிட்டது.

2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை சுமார் 1.74 லட்சம். சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் ஆகியவையே நகராட்சியின் சொந்த வருவாய். 1996இல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. ஆனாலும் பெரிய வேலை என்றால் திருவனந்தபுரத்தையும் டெல்லியையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

புறவழிச்சாலை அதற்கு உதாரணம். நீளம் 6.8 கிலோமீட்டர். அதில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான பகுதி கடற்கரையை ஒட்டிய மேம்பாலம். 1990களிலேயே தொடங்கிய பணி. மத்திய, மாநில அரசுகள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவழியாக 2021 ஜனவரியில் திறப்பு விழா நடந்தது.

குடிநீரின் கதையும் இப்படித்தான். மேற்கே கடல், கிழக்கே காயல். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு. பம்பை ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் திட்டம் 2017இல் செயல்பாட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் தகழி அருகே ராட்சதக் குழாய் உடைந்தது. பிறகு மீண்டும் மீண்டும் உடைந்தது. ஒவ்வொரு முறையும் சாலையைத் தோண்டினார்கள். நகரம் குடங்களோடு காத்திருந்தது.

இந்த நகரத்துக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தது கோடிகளை விழுங்கிய எந்தத் திட்டமும் அல்ல, குப்பை. தினமும் 50 டன்னுக்கு மேல் சேர்ந்த குப்பை பக்கத்து ஊராட்சியிலுள்ள சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தைப் பொறுக்க முடியாத மக்கள் 2012இல் லாரிகளை மறித்தார்கள். தெருவெல்லாம் குப்பை மலை. புதிய இடம் வாங்க வழியில்லை, பெரிய ஆலை கட்டப் பணமில்லை. வேறு வழியின்றி அதே ஆண்டில் 'தூய வீடு, தூய நகரம்' இயக்கம் பிறந்தது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் முன்நின்றார். வீட்டுக் கழிவு வீட்டிலேயே மட்க மானிய விலையில் குழாய்கள், சமையலுக்குச் சாண எரிவாயு போன்ற சிறு கலன்கள், இடமில்லாதவர்களுக்குத் தெருமுனையில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள். தொட்டியில் கழிவு ஓர் அடுக்கு, நுண்ணுயிர் கலந்த சருகு ஓர் அடுக்கு. சுமார் மூன்று மாதத்தில் உரம். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்குப் பாராட்டிய ஐந்து நகரங்களில் ஒசாகா, பினாங்கு ஆகியவற்றோடு ஆலப்புழையும் இருந்தது.

பாராட்டு வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. தொட்டியில் சருகு போட நாள்தோறும் ஆள் வேண்டும். கால்வாயை ஒருமுறை தூர்வாரினால் போதாது. வீட்டுச் சாக்கடை அதில் கலப்பது நிற்காவிட்டால் ஆகாயத்தாமரை மறுபடி மூடிக்கொள்ளும். குழாயைப் பதித்தால் மட்டும் போதாது, கண்காணிக்க வேண்டும். இவை எதற்கும் ரிப்பன் வெட்ட முடியாது, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. அதனாலேயே பட்ஜெட்டில் இவற்றுக்குக் கடைசி இடம்.

கடலில் நிற்கும் அந்தத் தூண்களுக்கும் ஒரு காலத்தில் திறப்பு விழா நடந்திருக்கும். வண்ணம் பூசத்தான் ஆளில்லாமல் போனது.