போக வழி உண்டா?

ஆவடியில் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது சீருடைதான். மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையும் இருக்கும் ஊர் இது. ஆயுதம் ஏந்துவோர்க்குப் பயிற்சி வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயுதமின்றிப் போர்நிலத்துக்குக் குடிநீரும் மருந்தும் கொண்டு செல்வோர்க்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டென்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் தகர்க்கப்பட்டு 22 பேர் மாண்டனர். நீலக்கொடியே காப்பு என்ற நம்பிக்கையும் அன்று தகர்ந்தது. 2005இல் ஐ.நா. தன் பணியாளர்களுக்கெனத் தனிப் பாதுகாப்புத் துறையை அமைத்தது. சோதனைச் சாவடியில் எப்படி நடந்துகொள்வது, கண்ணிவெடி நிலத்தை எவ்வாறு அறிவது, வாக்கி டாக்கியில் எப்படிச் சுருங்கப் பேசுவது, கடத்தப்பட்டால் என்ன செய்வது என்றெல்லாம் தொண்டு நிறுவனங்களும் கற்பிக்கின்றன. சண்டை நெருங்கினால் வெளியே வராமல் உள்ளேயே தங்கியிருப்பதும் அப்பாடங்களுள் ஒன்று.

இப்பாடத்தின் எல்லை எதுவென்று மூதூர் காட்டியது. 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில், மாவிலாற்று அணைக்கதவை ஒட்டி மூண்ட போர் அவ்வூருக்குள் நுழைந்தது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோர்க்காகப் பணிசெய்துவந்த 'அக்‌ஷன் ஃபாம்' என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் அங்கே சிக்கிக்கொண்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்; நால்வர் பெண்கள். திருகோணமலை அலுவலகம் அவர்களை வளாகத்திலேயே இருக்கச் சொன்னது. இருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை அணிந்திருந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று அந்த வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசுப் படையினரே கொன்றனர் என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு கூறியது, அரசு மறுத்தது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

தங்கியிருத்தல் பீரங்கிக் குண்டிலிருந்து காக்கலாம்; வாசலில் வந்து நிற்கும் துப்பாக்கியிலிருந்து காக்காது. எந்தக் கட்டத்தில் வெளியேறுவது, எவ்வழியே, யார் முடிவெடுப்பது என்பவை சண்டை மூளுமுன்பே தீர்மானிக்கப்பட வேண்டியவை. இவற்றைத் தீர்மானிக்காத நிலையில், கட்டளைக்குப் பணிவதே பேராபத்தாக முடியலாம். இதில் உள்ளூர்ப் பணியாளரின் நிலை இன்னும் கடினமானது. அயல்நாட்டவரை விமானமேற்றித் தாயகம் அனுப்பலாம். அவருக்கோ போர் நடக்கும் ஊரே தாயகம். 2024இல் உலகெங்கும் 383 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சொந்த மண்ணில் பணிசெய்தவர்களே.

வகுப்பறையில் புறநானூற்றின் 9ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் மூதூர் நெஞ்சில் வந்து நிற்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. போர் தொடங்குமுன் இன்னின்னார் அரண் சேர்க என்று அறிவிக்கும் மரபை அதில் வியக்கிறோம். அறிவிப்பதோடு, போக வழியும் காலமும் விடுவதால்தான் அது அறம். மூதூரில் அறிவிப்போரும் இல்லை. வழி விட்டோரும் இல்லை.

அம்பத்தூரிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் வந்து படிக்கும் நம் மாணவர்களுள் சிலர் தொண்டு நிறுவனங்களில் சேர விரும்பி நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள். மகிழ்ந்து தருகிறோம். கூடவே, நேர்முகத்தேர்வில் ஊதியத்தைப் பற்றிக் கேட்குமுன் ஒன்றைக் கேட்கச் சொல்கிறோம்: "ஆபத்து வருகிறதென்று களத்தில் இருக்கும் எனக்குத் தோன்றினால், உங்கள் அனுமதிக்குக் காத்திராமல் நான் வெளியேறலாமா? வெளியேறினால் வேலை இருக்குமா?" நேரான விடை தராத நிறுவனம் எத்தனை நாள் பயிற்சி அளித்தாலும் அப்பயிற்சி பாதிதான்.