டூம்ஸ்டோனின் பச்சை ஊசிகள்

டூசானிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். அரிசோனாவின் டூம்ஸ்டோனுக்கு எல்லாரும் துப்பாக்கிச் சண்டை நாடகம் பார்க்கத்தான் போறாங்க. நாங்க போனது ஒரு கல் பிறந்த ஊரைப் பார்க்க. பெயர் எம்மன்சைட். இந்த ஊர்ப் பக்கம் கிடைத்த கல்லை வைத்துத்தான் 1885-ல் அதை முதலில் விவரித்தார்கள்.

இது முதல் தலைமுறைத் தாது இல்லை, இரண்டாம் தலைமுறை. ஆழத்தில் வெந்நீர் சேர்த்துவைத்த டெலுரியம் தாதுக்கள், மழைநீரும் காற்றும் எட்டுகிற மேல்மட்டத்தில் மெல்லச் சிதைகின்றன. பக்கத்திலேயே பைரைட் துருப்பிடித்து இரும்பைக் கொடுக்கிறது. டெலுரியம், இரும்பு, ஆக்சிஜன், கொஞ்சம் தண்ணி. நாலும் சேர்ந்தால் மஞ்சள் கலந்த பச்சையில் ஊசி ஊசியாகப் படிகிறது. டெலுரியமோ தங்கம் போலவே அரிது. அதனால கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரு மெல்லிய பூச்சுதான். லென்ஸ் இல்லாமப் போகாதீங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா. சுற்றிலும் பழைய சுரங்கக் குழிகள். பிள்ளைகளைக் கல் பொறுக்க விடவே விடாதீங்க. பிப்ரவரியில் டூசானில் நடக்கும் கல் சந்தையில் தேடிப் பாருங்க. கல்லைத் தொட்டால் கை கழுவணும்: டெலுரியம் உடம்புக்குள்ள போனா மூச்சே பூண்டு வாடை அடிக்கும்.

"பாட்டி ரசம் மாதிரியா?"ன்னு கேட்டாள் மகள்.