எண்ணிப் பார்க்காத கணக்கு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கடிதம் வந்தபோது எதை எழுதுவதென்று சில நாள் தயங்கினேன். நான் இக்கல்லூரியில் கணிதம் பயின்றவன். பகுதி ஒன்றில் தமிழ் கற்றவன். கணிதமும் தமிழும் மார்க்கமும் ஒன்றுகூடி எனக்குப் பாடம் புகட்டிய நிகழ்ச்சி ஒன்று என் வாழ்வில் உண்டு. அது பெருமைக்குரியதன்று. ஆயினும் பிழைப்புக்காகக் கடல் கடக்கவிருக்கும் தம்பிகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால், வெட்கத்தை ஒதுக்கிவைத்து எழுதுகிறேன்.

2010-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இரண்டு பெரிய சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் செலுத்த வேண்டும். 2019-இல் அது 150 வெள்ளியாக உயர்ந்தது. தன் மக்கள் எளிதில் உள்ளே போய்விடலாகாது என்று அரசு கட்டிய வேலி அது. வெளிநாட்டாருக்கோ கட்டணம் இல்லை. கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கதவு வேலியின்றித் திறந்திருந்தது. இலவசமாகத் திறந்திருக்கும் கதவைக் கண்டால் முதலில் ஐயம் கொள்ள வேண்டும் என்பதை அன்று நான் அறியவில்லை.

நான் உள்ளே போகக் காரணமாயிருந்தது ஒரு புத்தகம். எட்வர்ட் தார்ப் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1962-இல் வெளியிட்ட ‘பீட் தி டீலர்’ என்ற நூல் அது. பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தை ஐ.பி.எம். 704 கணிப்பொறியின் துணையுடன் ஆராய்ந்து, ஆடுபவன் கூடத்தையே வெல்ல முடியும் என்று அவர் அதில் நிறுவியிருந்தார். பழைய புத்தகக் கடையில் சில வெள்ளிக்கு அதன் இரண்டாம் பதிப்பு கிடைத்தது. சூதாட்ட நூலாக அன்று, கணித நூலாகவே அதை வாங்கினேன். என் நெஞ்சுக்கு நானே சொல்லிக்கொண்ட முதற்பொய் அதுதான்.

அம்முறையின் அடிப்படை எளியது. பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல், சீட்டு வழங்குபவரைவிட மிகுந்த எண்ணிக்கையைப் பெற்றவர் வெல்வார். வழங்கப்பட்ட சீட்டு மீண்டும் கட்டுக்குத் திரும்புவதில்லை. ஆகவே, வெளியேறியவற்றை எண்ணினால் எஞ்சியவை எவை என்று உணரலாம். 2 முதல் 6 வரையுள்ள சிறு சீட்டு ஒன்று போனால் ஒன்று கூட்ட வேண்டும். பத்து மதிப்புள்ள சீட்டோ ஏஸோ போனால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 போனால் மாற்றம் இல்லை. 52 சீட்டுகளில் கூட்டவேண்டியவை 20, கழிக்கவேண்டியவை 20, கணக்கில் சேராதவை 12. எனவே கட்டு முடியும்போது விடை பூச்சியமாகும்.

எண் உயர்ந்திருந்தால் எஞ்சிய கட்டில் பெரிய சீட்டுகள் மிகுதி என்று பொருள். அப்போது ஏஸும் பத்தும் சேர்ந்து வந்து, வைத்த பணத்துக்கு ஒன்றரை மடங்கு பெறும் வாய்ப்பு கூடுகிறது. வழங்குபவர் 17 வரை எடுத்தே தீரவேண்டும் என்பது விதியாதலால் அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த நேரத்தில் பந்தயத்தை உயர்த்த வேண்டும்; மற்ற நேரத்தில் குறைக்க வேண்டும். முறை முழுவதும் இவ்வளவே.

ஆறு மாதம் இரவுதோறும் பயின்றேன். உடன் தங்கியிருந்தோர் உறங்கியபின், கட்டிலின் மேல்தட்டில் அமர்ந்து சீட்டுகளைப் புரட்டுவேன். தொடக்கத்தில் ஒரு கட்டை எண்ணி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பின்னர் அரை நிமிடமும் ஆகவில்லை. மனத்தால் எண்ணுவது குற்றமாகாது என்றும், எண்ணுகிறார்கள் என்பதற்காக ஆட்டக்காரர்களைக் கூடங்கள் வெளியேற்றலாகாது என்று 1982-இல் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்றும் படித்து மகிழ்ந்தேன். “இது சூதன்று, கணிதம்” என்று சொல்லிக்கொண்டேன். நளவெண்பாவில் இருதுபன்னன் மரத்தின் காய்களைப் பார்த்த அளவிலேயே எண்ணிச் சொல்வதும், அந்த எண்ணறிவைப் பெற்ற நளன் இழந்த நாட்டை மீட்பதும் வகுப்பில் கேட்ட நினைவு வந்தது. தமிழும் எனக்குச் சான்று சொல்வதாக எண்ணினேன்.

தங்கையின் நிக்காஹுக்காகச் சேர்த்திருந்த 1,000 வெள்ளியுடன் 2011-இல் ஒரு சனிக்கிழமை இரவு உள்ளே சென்றேன். பந்தயம் குறைந்த மேசைகளில், ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் கலக்கும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். அங்கே எண்ணுவதில் பயனில்லை. கையால் கலக்கும் மேசையில் குறைந்த பந்தயம் 50 வெள்ளி. ஏழைக்குரிய மேசையில் என் கல்விக்கு வேலையில்லை; என் கல்வி செல்லுபடியாகும் மேசை ஏழைக்குரியதன்று. அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். அமர்ந்தேன்.

அரை மணி நேரத்தில் 300 வெள்ளி போயிற்று. பின்னர் நான் காத்திருந்த தருணம் வந்தது. எண் 12-ஐத் தொட்டது. எஞ்சியிருந்தவை ஏறத்தாழ நான்கு கட்டுகள். வகுத்தால் 3. நூல் சொன்னபடி 200 வைத்தேன். எனக்கு 5, 6 வந்தன, மொத்தம் 11. வழங்குபவரிடம் 6. இதனினும் நல்ல நிலை அரிது. பந்தயத்தை இரட்டிப்பாக்கினேன். எனக்கு வந்த ஒரே சீட்டு 2. அவருக்கு 10 வந்தது; 16 ஆயிற்று. இன்னொன்று எடுத்தார். அது 5. அடுத்த இரண்டு ஆட்டங்களில் மீதி 300-உம் கரைந்தது. எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. பணம் மட்டும் இல்லை.

அறைக்குத் திரும்பியபோது விடியற்காலைத் தொழுகை நேரம். தொழ நின்றேன், மனம் சீட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தது. அன்று பகலில்தான், பட்டம் பெற்ற கணித மாணவன் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

தேர்ந்த ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும் சாதகம் நூற்றுக்கு ஒன்று எனக் கொள்வோம். அதுவே தாராளமான மதிப்பு. ஆனால், ஒவ்வோர் ஆட்டத்திலும் வரும் ஏற்ற இறக்கமோ பந்தயத் தொகையைவிடச் சற்றே மிகுதி. இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், பந்தயத்தைப் போல் 20 மடங்கு கைமுதல் உள்ளவன் தொடர்ந்து ஆடும்போது அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 74. 50 மடங்கு இருந்தால் 47. 100 மடங்கு இருந்தால் 22. நூற்றுக்கு ஒன்றாக அது குறைய வேண்டுமானால் 300 மடங்கு வேண்டும். என் மேசைக்கு அது 15,000 வெள்ளி. அவ்வளவு பணம் இருந்திருந்தால் நான் அந்த மேசைக்கே போயிருக்க மாட்டேன். அது மட்டுமன்று. 1961-இல் தார்ப் தம் முறையை நெவாடாவில் சோதிக்கச் சென்றபோது கொண்டுபோன 10,000 டாலர் அவர் பணமன்று. இரு செல்வந்தர்கள் கொடுத்த பணம். முறையைக் கண்டுபிடித்தவரே பிறர் முதலைக் கொண்டு ஆடினார். கற்றுக்குட்டியாகிய நான் தங்கையின் பணத்தைக் கொண்டு ஆடினேன்.

ஊரில் உம்மா தம் இரண்டு வளையல்களை அடகு வைத்து நிக்காஹை நடத்தினார்கள். மிகைநேர வேலை பார்த்து அவற்றை மீட்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மறு ஆண்டு விடுப்பில் வந்தபோது உண்மையைச் சொன்னேன். உம்மா சினக்கவில்லை. நெடுநேரம் கழித்து, “எண்ணத் தெரிஞ்ச புள்ளதானே நீ? எங்களை எண்ணிப் பாக்கலியா, வாப்பா?” என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த விடுப்பிலேயே ஓய்வுபெற்றிருந்த என் தமிழாசிரியரைச் சந்தித்தேன். நளன் கதையை நான் துணைக்கு அழைத்ததையும் மறைக்கவில்லை. ஐயா சிரித்தார். “நாட்டை மீட்டான் என்பதை நினைவில் வைத்தாய், தம்பி. கட்டிய மனைவியை நள்ளிரவில் காட்டில் விட்டுப் போனானே, அந்த இரவை மீட்டானா?” என்றார். பிறகு, “திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், சூது 94-ஆம் அதிகாரம். உங்கள் வேதமும் மதுவையும் சூதையும் ஒன்றாகவே சொல்கிறது அல்லவா? இரண்டும் அறிவை வாங்கிக்கொண்டு, தெளிவாக இருக்கிறோம் என்ற நினைப்பைத் தருபவை” என்றார்.

வீடு திரும்பி, அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தை மீண்டும் ஓதினேன். அவற்றில் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டு என்பதை இறைவன் மறுக்கவில்லை. அப்பயனைவிடப் பாவமே பெரிது என்கிறான். பயன் நூற்றுக்கு ஒன்று என்று கண்டவன் நான். கேடு எவ்வளவு என்பதை உம்மாவின் வெறுங்கைகளில் கண்டேன்.

மாணவத் தம்பிகளே! சூது இன்று கடல் கடந்த கூடத்தில் மட்டும் இல்லை, கைப்பேசிக்குள்ளும் வந்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றும் அளவுக்கு அது குடும்பங்களைச் சிதைத்தது. ‘திறமை’, ‘கணக்கு’ என்ற பெயர்களில் அது இனியும் வரும். அறிவில்லாதவனை ஆசையால் இழுக்கும். அறிவுள்ளவனை அவன் அறிவாலேயே இழுக்கும். பணம் எவனுக்கு மிகவும் தேவையோ, அவனே அங்கு முதலில் இழப்பான். இதைக் கணிதமே சொல்கிறது. சீட்டை எண்ணும் முன், நம்மை எண்ணி ஊரில் காத்திருப்போரை எண்ணுங்கள்.

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதில் போதுமென்ற மனத்தையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.